கழுத்து கனத்த புறா

காட்டோரத்தில் தண்ணீர் வற்றிப்போன பெரிய கிணறு ஒன்று இருந்தது. அதன் கல் இடுக்குகளில் புறாக்கள் குடியிருந்தன. கருவாலனும் செங்காலியும் அங்கே ஒரு ஜோடி. இட்ட இரண்டு முட்டைகளையும் பகலில் அவன், ராத்திரியில் அவள் என்று மாறி மாறி அடைகாத்தார்கள். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

முட்டை ஓடு விரிசல் விட்டதும் வந்தது வினை!

அந்தக் கிணற்றில் ஒரு வழக்கம். குஞ்சு பொரிக்கும் நேரம் வந்தால் அப்பன்காரன் எதிரே இருக்கும் வாகை மரத்துக்குப் போய்விட வேண்டும். குஞ்சுக்கு இறகு முளைக்கும்வரை அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. பெண் புறாக்கள் எல்லாம் தாயைச் சுற்றி உட்கார்ந்து பால் ஊட்டும் விதத்தைக் காதோடு காதாகச் சொல்லிக்கொடுக்கும். புறாவுக்கு ஏது பால் என்று சிரிக்காதீர்கள். அதன் கழுத்தடியில் ஒரு பை உண்டு. குஞ்சு பிறக்கும் சமயத்தில் அதில் பால் ஊறும். குஞ்சு அலகை வாய்க்குள் விட்டுக் குடிக்கும்.

கருவாலன் கொஞ்சம் தயங்கி நின்றான். குஞ்சுகளின் முகத்தையாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினான். பெண் புறாக்கள் கேலி பேசின. செங்காலியும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

"இது பொம்பளைங்க சமாச்சாரம். நீங்க இங்க நின்னு என்ன கிழிக்கப் போறீங்க? கிளம்புங்க!"

அவன் கிளம்பினான். வேறு என்ன செய்வான், பாவம்.

வாகை மரத்தில் கிளைக்கு ஒருவராக அப்பன்மார் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. மரத்தடியில் தானியம் சிந்திக் கிடந்தது, ஆனால் கருவாலனுக்கு ஒரு மணிகூட இறங்கவில்லை. அவன் கழுத்து கனத்தது. உள்ளே ஏதோ இறுகி வலித்தது. பொழுது போகப் போக வலியும் ஏறியது. சாவு வந்துவிட்டது என்றே நினைத்தான். செத்தாலும் பரவாயில்லை, அதைச் சொல்லி அழ ஓர் ஆள் இல்லையே என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

கடைசியில் பக்கத்துக் கிளையில் இருந்த வெள்ளைமூக்கனிடம் வாய்விட்டுச் சொன்னான். வெள்ளைமூக்கன் எத்தனையோ தடவை இந்த மரத்துக்கு வந்து போனவன். அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"எனக்கும் வரும். ஒவ்வொரு தடவையும் வரும். வெளியே சொல்லித் தொலைக்காதே, சீக்காளின்னு ஒதுக்கிருவாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிட. தானா வத்திரும்."

புறாவுக்குப் பல் ஏது? ஆனாலும் கருவாலன் அப்படித்தான் கிடந்தான்.

காற்று அடங்கியிருந்த ஒரு காலையில் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குஞ்சின் அழுகை மேலே வந்தது. மெலிந்த குரல். அது தன் குஞ்சு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கிணற்றில் இரண்டு பொரித்தால் ஒன்றுதான் தேறும். மற்றதைத் தலையெழுத்து என்று விட்டுவிடுவார்கள். தலையெழுத்தாவது மண்ணாங்கட்டியாவது! பெற்றவனுக்கு மனசு கேட்குமா? அவன் வழக்கத்தை மீறிப் பறந்து இறங்கிவிட்டான்.

பெண் புறாக்கள் வாய்க்கு வந்தபடி ஏசின. அவன் காதில் வாங்கவில்லை. நேரே கூட்டுக்குப் போனான். செங்காலி நெஞ்செலும்பு துருத்த, கண் சொருகிக் கிடந்தாள். குளிர் தாங்காத குஞ்சுகளை விட்டு எழுந்து போய் இரை தின்ன அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை. தின்னாதவளுக்குப் பால் எங்கே ஊறும்? பெரிய குஞ்சு முட்டி மோதி எதையோ குடித்துக்கொண்டிருந்தது. சின்னது ஓரத்தில் தலை சாய்ந்து கிடந்தது.

"எதுக்கு வந்தீங்க?" என்றாள் செங்காலி. குரலில் கோபம்கூட இல்லை.

"ஒரு தடவை முகத்தைப் பாத்துட்டுப் போயிடறேன், புள்ள. எனக்குச் சீக்கு வந்திருச்சு. நான் பிழைக்க மாட்டேன்."

என்ன சீக்கு என்று அவள் கேட்டாள். அவன் சொன்னான். கழுத்து கனக்கிறது என்றான். உள்ளே இறுகி வலிக்கிறது, தானியம் இறங்கவில்லை, குஞ்சு அழுதால் வலி கூடுகிறது என்றான். கேட்கக் கேட்க அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். பால் ஊறினால் இப்படித்தான் இருக்கும் என்று பெண்கள் அவள் காதில் ஓதியதும் இதே அடையாளங்கள்தான்.

"இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. எங்ககிட்ட யார் எதைச் சொல்றாங்க?"

செங்காலி அழுதுவிட்டாள். "அது சீக்கு இல்லைங்க. பால். நானும் சேர்ந்துல்ல உங்களை விரட்டினேன்!" என்றாள்.

கருவாலன் சின்னக் குஞ்சின் பக்கம் குனிந்தான். அதற்குத் தலை நிமிர்த்தத் தெம்பில்லை. எப்படி ஊட்டுவது என்று அவனுக்கும் தெரியவில்லை. இன்னும் குனியச் சொன்னாள் செங்காலி. அலகை அகலத் திறக்கச் சொன்னாள். அவசரப்படாமல் இருக்கச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அவன் செய்தான். குஞ்சு ஒரு வாய் விழுங்கியது. பிறகு இன்னொரு வாய். பிறகு தானே அலகை நீட்டித் தேடியது. அவன் கழுத்தின் பாரம் குறைந்துகொண்டே வந்தது. அவளைப் போய் இரை தின்றுவிட்டு வரச் சொல்லி, குஞ்சுகளைச் சிறகால் மூடிக்கொண்டான்.

அவள் திரும்பி வந்ததும் அவன் வாகை மரத்துக்குப் பறந்தான். சந்தோஷம் பொங்க, "அண்ணே, அது சீக்கு இல்லை, பால்!" என்று வெள்ளைமூக்கனிடம் சொன்னான்.

வெள்ளைமூக்கன் சிரிக்கவில்லை. கிணற்றைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்போ என் புள்ளைங்க பசியிலயா செத்துச்சு?" என்றான்.

கருவாலன் அவன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டான்.

பிள்ளை வளர்க்கும் பாடத்தைத் தாய்க்கு மட்டும் சொல்லித் தகப்பனை வெளியே நிறுத்தினால், பட்டினி கிடப்பது பிள்ளைதான்.