அரசு தயார்

அரசு வழக்கறிஞர் குற்றாலிங்கத்திடம் தமயந்தி தொழில் கற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பது வயதைத் தாண்டியிருந்தது. பள்ளி ஆசிரியை வேலையை விட்டுவிட்டுச் சட்டம் படித்தவள். வேலைநீக்கம் செய்யப்பட்டவர்கள் அரசின் மேல் போடும் வழக்குகளில், அரசுக்காக ஆஜராவது அவர்கள் இருவரின் வேலை.

ஒரு மாலை அவள் கேட்டாள்.

"இந்த நாற்காலியில இருந்துகிட்டே ஒருத்தருக்கு நியாயம் செய்ய முடியுமா சார்?"

குற்றாலிங்கம் பேனாவை மூடினார். "யாருக்கு?"

"சவரியம்மாளுக்கு."

சவரியம்மாள் அரசு மாணவர் விடுதியில் சமையல்காரராக இருந்தவர். ஒரு மூட்டை அரிசி திருடினார் என்று சொல்லி வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த மூட்டை பிறகு வேறோர் அறையில் கிடைத்தது. நீக்கியது நீக்கியதாகவே இருந்தது. அவர் போட்ட வழக்கு கோர்ட்டுக்கு வரும்போதெல்லாம், துறையிலிருந்து தகவல் வரவில்லை, அவகாசம் வேண்டும் என்று அரசுத் தரப்பில் எழுந்து சொல்வது வழக்கம். அப்படிச் சொன்னவர் சில முறை குற்றாலிங்கம், பல முறை தமயந்தி.

"நாளைக்கு அந்தக் கேஸ் வருது சார். நாளையோட கோர்ட்டை மூடிடுவாங்க, ஜூன் வரைக்கும் கோடை விடுமுறை. இந்த மாசக் கடைசியில அந்தம்மாவுக்கு அறுபது முடியுது. அப்புறம் ஜெயிச்சாலும் அடுப்படிக்குள்ள போக முடியாது."

"உன்கிட்டப் பேசினாங்களா?"

"வராண்டாவுல. ஒரே ஒரு நாள் உள்ள போய்ச் சமைச்சுப் போட்டுட்டு, ரிடையர் ஆகி வெளிய வந்தாப் போதும்னு சொன்னாங்க. திருடின்னு அனுப்பின அதே வாசல் வழியா."

"நாளைக்கு நீ என்ன சொல்லப் போறே?"

"தயார்னு சொல்லப் போறேன். கேஸ் கட்டு முழுக்கப் படிச்சுட்டேன். நம்ம பக்கம் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லை. அவங்க வக்கீல் பேசி முடிச்சா, ஜட்ஜ் அங்கேயே உத்தரவு போட்டுடுவார்."

குற்றாலிங்கம் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"சொல்லு" என்றார்.

மறுநாள் வழக்கைக் கூப்பிட்டார்கள். கடைசி வரிசையில் சவரியம்மாள் எழுந்து நின்றார். எழ வேண்டியதில்லை என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

நீதிபதி கட்டைப் பிரிக்கவில்லை. "கவர்ன்மெண்ட்டுக்கு எத்தனை வாரம் வேணும்?"

"தயார், மை லார்ட்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "யார் தயார்?"

"அரசு, மை லார்ட்."

"உடம்பு நல்லாத்தானேம்மா இருக்கு?"

வக்கீல்கள் சிரித்தார்கள். நீதிபதி எதிர்ப்பக்கம் திரும்பினார். "சரி, நீங்க ஆரம்பிங்க."

சவரியம்மாளின் வக்கீல் முத்துவிநாயகம் அங்கே இல்லை. அவருடைய ஜூனியர், தலை நரைத்த மனிதர், வெறுங்கையோடு எழுந்தார்.

"சீனியர் வெளியூர் கோர்ட்டுக்குப் போயிருக்கார், மை லார்ட். அரசுத் தரப்புல எப்படியும் டைம் கேட்பாங்கன்னு..."

"மதியம் வருவாரா?"

"ராத்திரிதான் ரயில் ஏறுறார்."

"அப்ப நீங்க பேசுங்க."

"கட்டு சீனியர்கிட்ட இருக்கு, மை லார்ட்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி தமயந்தியைப் பார்த்தார். "அரசு ஒத்துக்குதுன்னா இப்பவே உத்தரவு போட்டுடறேன். துறையில எழுதிக் கொடுத்திருக்காங்களா?"

கொடுக்கவில்லை. அவள் கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் வழக்கை அவள் கையிலிருந்து வாங்கியிருப்பார்கள்.

"இல்லை, மை லார்ட்."

"விடுமுறைக்கு அப்புறம்" என்றார் நீதிபதி. அடுத்த கட்டு மேலே வந்தது.

வராண்டாவில் சவரியம்மாள் காத்திருந்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க தயார்னு சொன்னீங்களாமே, பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க. நல்லா இருக்கணும்மா நீங்க. இனி எப்ப வரணும்?"

"ஜூன்ல."

"ஜூன்ல எனக்கு வேலை கிடையாதேம்மா" என்றார் சவரியம்மாள், சின்னத் தவறு ஒன்றைத் திருத்துவதுபோல. பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

தமயந்தி அறைக்கு வந்தாள். கறுப்பு அங்கியைக் கழற்றாமல் நின்றாள்.

"முத்துவிநாயகம் வரமாட்டார்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது. அவர் இடத்துல நான் இருந்தா நானும் வந்திருக்க மாட்டேன்."

"நான் தயாரா இருந்தேன்."

"அவருக்கு ஒரு போன் பண்ணிச் சொன்னியா?"

"எதிர்த்தரப்பு வக்கீல் சார். அவர்கிட்டப் போய் நான் எப்படி..."

அவள் நிறுத்திக்கொண்டாள். அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"நான் போயிடறேன் சார். திரும்பப் பள்ளிக்கூடத்துக்கே போயிடறேன்."

"போகலாம்."

அவர் மேசையிலிருந்த கட்டுகளில் ஒன்றை உருவி அவள் பக்கம் தள்ளினார். கால்நடை மருத்துவமனைக் காவலாளி ஒருவர் போட்ட வழக்கு. விடுமுறை முடிந்ததும் வருவது. அவருக்கும் முத்துவிநாயகம்தான் வக்கீல்.

"இதைப் படிச்சுட்டுப் போ. படிச்சு முடிச்சதும் முத்துவிநாயகத்துக்குப் போன் போட்டு, இதுல அரசு தயார்னு சொல்லிடு."

தமயந்தி கட்டைத் தொடவில்லை.

"நம்புவாரா சார்?"

"நம்ப மாட்டார்."