கதவில் பெயரில்லாத வண்டி

ஒன்று: வெள்ளிங்கிரி இறந்த செய்தி, மலையிலேயே தகனம் முடிந்து பதினொரு நாள் கழித்துத்தான் தந்தியாக வீட்டுக்கு வந்தது.

இரண்டு: ஊர் முகப்பு வளைவில், படையில் இறந்த நான்கு பேரின் பெயரை வெட்டினார்கள். ஐந்தாவது பெயருக்குக் கல்லில் இடமில்லை என்றார்கள். கீழே ஒரு முழம் கல் வெறுமையாகத்தான் இருந்தது. பிறகு அதில் வளைவைத் திறந்துவைத்தவரின் பெயர் ஏறியது.

மூன்று: கொடி நாள் விழாவில் வெள்ளிங்கிரியின் அக்காள் சாந்தாமணியை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பட்டியலைப் பார்த்தார்கள். எழுப்பிப் பின்வரிசைக்கு அனுப்பினார்கள்.

நான்கு: வீரர் நினைவுக் கார் பந்தயம் தொடங்கிய ஆண்டு, இருபத்திரண்டு கார்களின் கதவுகளில் இருபத்திரண்டு பெயர்களை எழுதினார்கள். வெள்ளிங்கிரியின் பெயரை எழுதவில்லை.

ஐந்து: அடுத்த ஆண்டு மனு கொடுத்தால், மனு வந்து சேரவில்லை என்றார்கள். கையில் கொடுத்த மனு அது.

ஆறு: அதற்கடுத்த ஆண்டு பதில் எழுதினார்கள். "மலையிறங்கிய படை லாரி பள்ளத்தில் விழுந்தது, ஓட்டுநரின் சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று பதிவேட்டில் உள்ளது. ஆகவே இயலாது."

இந்த ஆறு அநீதிகளையும் துண்டறிக்கையாக அச்சடித்து, டீக்கடை முதல் தாலுகா ஆபீஸ் வரை கொடுத்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற ஹவில்தார் சென்னியப்பன். வயது அறுபத்தொன்று. மூன்று முறை உண்ணாவிரதம் இருந்தவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆறையும் வரிசை மாறாமல் சொல்வார்.

அந்த வருஷம் துண்டறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மரகதத்தின் பட்டறைக்குப் போனார்.

லாரி கியர்பாக்ஸ் வேலையில் மரகதத்தை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. வயது நாற்பத்து மூன்று. பந்தயத்தில் ஆறு தடவை ஜெயித்து, போதும் என்று நிறுத்தியவர். இப்போது பந்தய நாளில் பெயர் வாசிப்பது அவர்தான். கரட்டுமேடு மண் ஓடுபாதையில் பழைய அம்பாசடர் கார்கள் கண்ணாடி கழற்றி, கம்பி வைத்துப் பற்றவைத்து வரிசையாக நிற்கும். மரகதம் மைக்கில் ஒரு வீரரின் பெயரை வாசிப்பார். அந்தப் பெயரைக் கதவில் சுமக்கும் கார் உடனே உறுமும். படையில் ஆஜர் சொல்வதுபோல. இருபத்திரண்டு பெயரும் இருபத்திரண்டு உறுமலும் முடிந்த பிறகுதான் கொடி விழும்.

எல்லோரும் அவரை வாத்தியாரம்மா என்றே கூப்பிட்டார்கள்.

"என்னங்க ஹவில்தாரய்யா, இங்கயும் உண்ணாவிரதமா?" என்றார் மரகதம்.

"கார் ஓட்டக் கத்துக்கணும்."

"லைசன்ஸ் இல்லீங்களா?"

"ஓட்டத் தெரியும். ஜெயிக்கக் கத்துக்கணும்."

மரகதம் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஜெயிச்சவன் கைக்கு ரெண்டு நிமிஷம் மைக் வரும். அந்த ரெண்டு நிமிஷத்துல நான் வெள்ளிங்கிரி பேரைச் சொல்வேன். எவன் தடுக்கிறான்னு பார்க்கிறேன்."

சென்னியப்பன் துண்டறிக்கையை எடுத்து நீட்டினார். மரகதம் வாங்கவில்லை.

"வாயால சொல்லுங்க. கையெல்லாம் கிரீஸு."

சொன்னார். ஆறையும், ஒரு சொல் பிசகாமல்.

மரகதம் கடைசிவரை கேட்டார். "வரிசை தப்புங்க," என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

சென்னியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் காகிதக் கட்டை அவிழ்த்தார். தந்தியின் தேதி, வளைவின் தேதி, கொடி நாள், பந்தயம், மனு, பதில். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு நாள்கூட முன்பின் இல்லை.

மறுநாள் கட்டோடு வந்து நின்றார்.

"வரிசை சரியாத்தான் இருக்குது."

"அப்படீங்களா," என்றார் மரகதம். "சாவியை எடுங்க. வண்டி ஓட்டலாம்."

பந்தயக் குழு, சென்னியப்பனுக்கு இருபத்து மூன்றாவது காராக ஓடுவதற்கு அனுமதி கொடுத்தது. கதவில் பெயரில்லாத வண்டி. கடைசி வரிசையில் கிளம்ப வேண்டும். பெயர் வாசிக்கும்போது அது மட்டும் சும்மா நிற்கும். வேறு யாருடைய பெயரையாவது எழுதிக்கொள்ளச் சொன்னதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

மாதக்கணக்கில் ஓட்டினார். வளைவில் மண் எப்போது இளகும், எப்போது பிடிக்கும் என்பது கைக்கு வந்தது. ஆனால் மரகதம் பின்னால் வந்து ஹார்ன் அடித்தால் மட்டும் நகரமாட்டார். இடப்பக்கம் வந்தால் இடப்பக்கம் மறிப்பார். வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம்.

ஒரு நாள் மரகதம் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார்.

"ஏனுங்க, வழி விட மாட்டீங்களா?"

"பந்தயத்துல எவனாச்சும் வழி விடுவானா?"

"நான் பந்தயம் ஓட்டலீங்க. டீ வாங்கப் போறேன்."

பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"வெள்ளிங்கிரி எப்படிங்க? வழி விடுவாரா?"

"அவனா? பூனைக்குட்டி குறுக்க வந்தாக்கூட ஓரம் கட்டிட்டு நிப்பான். அன்னிக்கும் ஓரம் கட்டித்தான்..."

நிறுத்திக்கொண்டார். மரகதம் டீ வாங்கப் போய்விட்டார்.

வெள்ளிங்கிரி இறந்த நாள் வந்தது. வழக்கம்போல் சாந்தாமணி வீட்டில் இலை போட்டார்கள். இருபத்தொன்பது வருஷமாக அந்த நாளில் சென்னியப்பன் சாப்பிடுவது அங்கேதான்.

"இந்தத் தடவை பேரைச் சொல்லிருவாங்களா கண்ணு?" என்றார் சாந்தாமணி.

"நான் சொல்ல வைக்கிறேங்க்கா."

"என் தம்பி எப்படிப் போனான்னு பார்த்தவன் நீ ஒருத்தன்தான். நீ இருக்கிற தைரியத்துலதான் நானும் வருஷா வருஷம் குடையை எடுத்துக்கிட்டு அந்த வெயில்ல போய் உட்கார்றேன்." இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

சென்னியப்பன் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் பட்டறையில் மரகதம் ஒரு கியர்பாக்ஸைப் பிரித்து, பாகங்களைச் சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்.

"இந்த வரிசையிலேயே பூட்டுங்க. ஒண்ணும் மாறக் கூடாது."

வரிசை என்ற சொல் சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. மத்தியானம் வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பூட்டினார். சாக்கில் ஒரு திருகுகூட மிச்சமில்லை. ஆனால் கம்பியைப் போட்டுத் தள்ளினால் ஷாஃப்ட் ஆடியது. கியர் விழுந்தது, நழுவியது, மறுபடி விழுந்தது, நழுவியது.

"வெச்ச வரிசைப்படிதான் போட்டேன்," என்றார்.

"போட்டீங்க."

"அப்புறம் ஏன் நிக்க மாட்டேங்குது?"

மரகதம் உள்ளங்கையை விரித்தார். அதில் ஒரு வாஷர் இருந்தது. ரூபாய்க் காசு அளவு.

"இது முதல்ல போடணும். ஷாஃப்ட் உள்ள போறதுக்கும் முன்னாடி."

"இதை நீங்களே எடுத்து வெச்சுக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"ஆமாங்க. எடுத்து வெச்சவ நான். கேட்டீங்க, ஒத்துக்கிட்டேன்." வாஷரைச் சாக்கின் மேல் வைத்தார். "உங்க வரிசையில இருந்து எடுத்து வெச்சது யாருங்க?"

சென்னியப்பன் கம்பியை மறுபடி தள்ளிப் பார்த்தார். நழுவியது.

"மலை லாரி எத்தனையோ இங்க வந்திருக்குது. இறங்குற வண்டி தானா பள்ளத்து ஓரம் போகாதுங்க. போயிருந்தா, எதிர்ல ஏறுற வண்டி ஒண்ணு இருந்திருக்கணும்."

பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பன் வாஷரை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

ஒரு மாதம் பட்டறைப் பக்கமே வரவில்லை.

பந்தயத்தன்று காலை வந்தார். மேடு முழுக்க சனம். கொட்டகையின் முதல் படியில் சாந்தாமணி குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். இருபத்து மூன்று கார்களும் வரிசையில் நின்றன. ஓட்டுநர்கள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பன் தன் காருக்குப் போகாமல் நேராகப் பெயர் வாசிக்கும் மேசைக்கு வந்தார். மரகதம் மைக்கோடு நின்றார். பக்கத்தில் குழுச் செயலாளர் பொன்னுரங்கம், பட்டியலோடு.

"மைக் வேணும்," என்றார் சென்னியப்பன்.

"ஜெயிச்சாத்தானுங்க மைக்," என்றார் பொன்னுரங்கம். "விதி உங்களுக்கே தெரியும்."

மரகதம் சொன்னார்: "ஜெயிச்சவங்களுக்கு ரெண்டு நிமிஷம். வரிசையைத் திருத்த வந்தவங்களுக்கு எவ்வளவுன்னு விதியில இல்லீங்களே."

பொன்னுரங்கம் சலித்துக்கொண்டார். "ஹவில்தார், எத்தனை வாட்டி சொல்றது? பதிவேட்டுல கவனக்குறைவுன்னு இருக்குது. நேர்ல பார்த்த சாட்சி ஒருத்தர் கையெழுத்தும் போட்டிருக்கார். நாங்க என்ன பண்ண முடியும்?"

"அந்தக் கையெழுத்து யாருதுன்னு பார்த்தீங்களா?"

"பேர் சரியாத் தெரியலை. பழைய நகலு."

"என்னுது."

பொன்னுரங்கத்தின் கையில் பேனா நின்றுவிட்டது. சென்னியப்பன் பையிலிருந்து முத்திரைத்தாளில் எழுதிய ஒரு வாக்குமூலத்தை எடுத்து அவர் முன் வைத்தார். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு நகலை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார்.

மரகதம் மைக்கை நீட்டினார்.

சென்னியப்பன் வாங்கிக்கொண்டு நகலைப் பிரித்தார்.

"ஒன்று," என்று படித்தார். சனம் சலசலத்தது. இந்தத் துண்டறிக்கை அவர்களுக்கு மனப்பாடம்.

"ஒன்று: மலைப்பாதையில் காலை பத்து மணிவரை ஏறும் வண்டிகள். பத்துக்கு மேல் இறங்கும் வண்டிகள் மட்டும். அன்று பத்தே கால் மணிக்கு ஒரு லாரி மலையடிக் காவல் கேட்டுக்கு வந்தது. அதில் வந்த ஹவில்தாருக்கு மேலே போய் லீவுத் தாள் வாங்கும் அவசரம். காவல் நின்றவனை அதட்டிக் கேட்டைத் திறக்க வைத்தான். மூன்றாவது வளைவில் எதிரே லான்ஸ் நாயக் வெள்ளிங்கிரியின் லாரி இறங்கி வந்தது. நேரம் வெள்ளிங்கிரியுடையது. பாதையும் அவனுடையது. ஹார்ன் அடித்தான். ஹவில்தார் தன் ஓட்டுநரிடம், விடாதே, போ என்றான். வெள்ளிங்கிரி வழி விட்டான். பள்ளத்துப் பக்கம் ஓரம் கட்டினான். ஓரம் இடிந்தது."

ஓட்டுநர்கள் தலைக்கவசத்தைக் கழற்றினார்கள்.

"விசாரணையில், அவன்தான் வேகமாக வந்தான் என்று அந்த ஹவில்தார் எழுதிக் கையெழுத்துப் போட்டான். சட்டைக் கையின் பதவிக் கோடு போய்விடும் என்ற பயம். பொய்யெழுதியவன் பெயர் ஹவில்தார் சென்னியப்பன்."

கொட்டகைப் பக்கம் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. சாந்தாமணி குடையை மடக்கிக்கொண்டிருந்தார். மடக்கிவிட்டு எழுந்தார். போய்விடுவார் என்று நினைத்தார் சென்னியப்பன். போகவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு வெயிலில் நின்றார். முகத்தில் என்ன இருந்தது என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.

"தந்தி தாமதமாக வந்தது," என்று படித்து முடித்தார், "இரண்டு."

மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். பொன்னுரங்கம் வாக்குமூலத்தை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு பட்டியலை எடுத்தார். இருபத்திரண்டு பெயர்களும் தாளின் அடிவரை நெருக்கியிருந்தன.

"கீழே இடமில்லையே," என்றார்.

"மேல இருக்குதுங்க," என்றார் மரகதம்.

பொன்னுரங்கம் தாளின் மேல் ஓரத்தில் எழுதினார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

சென்னியப்பன் அசையாமல் நின்றார். "வாத்தியாரம்மா, நான் இனிமே அந்த வண்டியில உட்காரலாமா?"

"வண்டிக்குப் போங்க. கூப்பிட்டா யாராச்சும் பதில் சொல்லணுமில்லைங்களா?"

கடைசி வரிசைவரை நடந்தார். கதவைப் பற்றவைத்திருந்ததால் ஜன்னல் வழியாகக் கால் போட்டு உள்ளே இறங்க நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. சாவியில் கை வைத்தார்.

மரகதம் பட்டியலை இரண்டு கையாலும் பிடித்து, கொட்டகையையும் வரிசையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மேலிருந்து வாசித்தார்:

"லான்ஸ் நாயக் வெள்ளிங்கிரி."