வலிக்காத பல்

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். அதன் தலைவி அருள்மொழி அம்மா. வயது நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவர் மாசிலாமணி. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தில் எல்லோருக்கும், அம்மாவுக்குக்கூட, அவர் ஏட்டையாதான்.

ஒரு காலத்தில் அவர் பஜாரில் நடந்து வந்தால் ரவுடிப் பயல்கள் சந்துக்குள் ஒதுங்கிவிடுவார்களாம். அவரே சொன்னதுதான், நாம் என்ன கண்டோம். ஆனால் பல் டாக்டரின் மெஷின் சத்தம் கேட்டால் ஏட்டையாவுக்குக் கைகால் வெலவெலத்துப் போகும். அதற்கு நானே சாட்சி. அவரை முதல் தடவை அங்கே கூட்டிப் போனவன் நான்தான்.

வலது பக்கக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. வலி தாங்காமல் மனுஷர் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். கிளம்புவதற்கு முன் அம்மாவிடம் திருநீறு வாங்கி நெற்றியில் பூசி, கன்னத்திலும் தடவி, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொண்டார். டாக்டர் ஜெபசீலி வேர் சிகிச்சை செய்து, உள்ளே சுத்தம் பண்ணி, சிமெண்ட் வைத்து அடைத்தார். வலி நின்றுவிட்டது.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். இந்தப் பல் இனி வலிக்காது, ஆனால் உள்ளே பெரும்பகுதி போய்விட்டது, சுற்றுச்சுவர்தான் மிச்சம். மேலே கேப் என்கிற உறை போடாமல் மென்றால் ஒரு நாள் பிளந்துகொள்ளும். மேலோடு உடைந்தால் சரி பண்ணலாம், வேர் வரை பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அடுத்த வாரமே வாருங்கள் என்றார்.

கேப்பை எப்படி மாட்டுவீர்கள் என்று ஏட்டையா கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. பல்லைச் சுற்றிலும் கொஞ்சம் அரைத்து எடுத்துவிட்டு, அளவெடுத்து, மேலே பொருத்துவோம் என்று டாக்டர் உண்மையைச் சொல்லிவிட்டார். அரைத்து என்ற ஒரு சொல் போதுமே. வெளியே வந்த மனுஷர் வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு நடந்தார்.

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கேட்டவர்களிடமெல்லாம், அம்மா திருநீறு கொடுத்தார்கள், வலி பறந்துவிட்டது என்றார். சொல்லச் சொல்ல அந்தக் கதையிலிருந்து டாக்டர் மெல்ல மெல்லக் காணாமல் போனார். கேட்ட பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கேப் போட்டுக்கொண்டால் அம்மாவை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று எனக்கே ஒரு நாள் விளக்கம் சொன்னார்.

ஆனால் பந்தியில் எதிரே உட்கார்ந்து பார்ப்பவன் நான். சோறு, அப்பளம், சுண்டல் எல்லாம் இடது பக்கம்தான் போகும். முறுக்கைக் காபியில் ஊறப்போட்டுத்தான் தின்பார். பூஜையில் எல்லோரும் கண்ணை மூடி நிற்கும்போது இவருடைய நாக்கு மட்டும் வலது கன்னத்துக்குள் துழாவிக்கொண்டிருக்கும். பல் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். கொஞ்சம் கழித்து மறுபடியும் பார்ப்பார். பாவமாக இருக்கும் எனக்கு.

ஒரு நாள் தயிர்ச் சோற்றில் கடுக்கென்று ஏதோ அகப்பட்டது. கல் என்று நினைத்து எடுத்துப் பார்த்தார். கல் இல்லை. பல்லின் ஒரு சில்லு. ஏட்டையாவின் முகம் செத்துப் போயிற்று. அதை யாரும் பார்ப்பதற்குள் வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார். மீதிச் சோற்றைத் தொடாமல் எழுந்து நேராக அம்மாவிடம் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை, பின்னாலேயே போனேன்.

அம்மா பிரசாதம் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். யாரோ பொரிவிளங்காய் உருண்டை கொண்டுவந்து படைத்திருந்தார்கள். பயறு வறுத்து இடித்துப் பாகில் பிடித்தது. நல்ல பல் உள்ளவனே யோசித்துத்தான் கடிப்பான்.

"அம்மா, வலியே இல்லாத பல்லுக்குக் கேப் எதுக்கு?" என்று கேட்டார் ஏட்டையா.

அவர் என்ன பதிலுக்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். என் திருநீறு இருக்கிறது, போங்கள் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். பிறகு டாக்டர் இருக்கும் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்.

அம்மா ஒரு உருண்டையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"வலது பக்கம் வெச்சுக் கடிங்க."

எங்கள் மடத்தில் அம்மா கையால் கொடுத்த பிரசாதத்தை வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. ஏட்டையா வாயில் போட்டுக்கொண்டார். இடது கன்னம் உப்பியது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். உருண்டை மெதுவாக வலது பக்கம் நகர்ந்தது. தாடையை மூட வேண்டியதுதான் பாக்கி. மூட முடியவில்லை அவரால். நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. கடைசியில் உருண்டையைக் கையில் துப்பிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார்.

"வலிச்சுதா?"

"இல்லம்மா."

"திருநீறு குணப்படுத்தின பல்தானே? ஊரெல்லாம் சொல்லியிருக்கீங்களே."

ஏட்டையா வேட்டி மடிப்பை அவிழ்த்து அந்தச் சில்லை எடுத்து அம்மா முன்னால் வைத்தார். தனக்கு அம்மா மேல் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் கேப் போடாமல் இருந்தது நம்பிக்கையால் இல்லை என்றும், அந்த மெஷினை நினைத்துத்தான் போகவில்லை என்றும், பயத்துக்குத்தான் திருநீறு பூசி வைத்திருந்ததாகவும் சொன்னார்.

"விரிசல் வேர் வரைக்கும் போயிருக்குமாம்மா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன டாக்டரா?"

"கேப் போட்டே ஆகணும்னு ஒருத்தனுக்கு எப்பத்தான் தெரியும்?"

அம்மா எங்கள் இருவருக்கும் எதிரே வாயை அகலத் திறந்து காட்டினார். உள்ளே, கடைவாயில், ஒரு பல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"எனக்கும் ஒரு டாக்டர் கேப் போடச் சொன்னார். வலிக்கட்டும், போய்க்கலாம்னு இருந்தேன். கடைசி வரைக்கும் அது வலிக்கவே இல்ல."

"உங்களுக்குமா?"

"எனக்கும் வாய்தானே."

ஏட்டையா சின்னப் பிள்ளை போலக் கேட்டார். "திருநீறு பூசிக்கலையாம்மா?"

"ஒரு நாள் விட்டதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏட்டையா சிரிக்கவில்லை. போகிறேன், கட்டாயம் போகிறேன், இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்றார். மனசு கொஞ்சம் திடமாகட்டும், இந்தப் பயம் ஒன்று போய்விட்டால் முதல் வேலையாகப் போய் உட்கார்ந்துவிடுகிறேன் என்றார்.

அம்மா கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வாசலில் ஒரு ஆட்டோவை நிறுத்தச் சொல்லி என்னை அனுப்பினார். ஆட்டோ வந்து நின்றது. ஏட்டையா படியோடு நின்றுவிட்டார், கதவு நிலையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அம்மா போய் ஆட்டோவில் ஏறி, ஒரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"பயம் போற வரைக்கும் அந்தப் பல் நிக்காது, ஏட்டையா. பயத்தையும் கூட்டிட்டு வாங்க. ஆட்டோவுல இடம் இருக்கு."