ஆளவந்தார் விட்டுவைத்த பிழை

தும்பி என்று ஒரு கணினி மொழி. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துவைத்தும் ஈ காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை. அதை உருவாக்கிய ஆளவந்தாருக்கு மூக்குக்கு மேல் கோபம். புதியவர்களை வரவேற்கும் வேலையில் இருந்த பொற்கொடியைக் கூப்பிட்டார்.

"ஒரு வாரத்துல ஒரு புது ஆளையாவது கொண்டு வா. இல்லேன்னா நீயும் வேண்டாம்."

"சரிங்க சார். தும்பியில நண்பகலை நள்ளிரவுன்னு காட்டுதே, அந்தப் பிழையை மட்டும் நீங்க தொடக் கூடாது."

"அது ஒரு நிமிஷ வேலை!"

"எல்லா இலையிலயும் நீங்களே உட்கார்ந்து சாப்பிட்டுட்டா, பந்திக்கு வர்றவங்க எங்க சார் உட்காருவாங்க?"

அவருக்குக் கை பரபரத்தது. ஆனாலும் தொடவில்லை.

பொற்கொடி அந்தப் பிழைக்குக் கீழே, 'இது புதுசா வர்றவங்களுக்கு. தப்பாப் போனாலும் பரவாயில்லை, நான் கூட இருக்கேன்' என்று எழுதிவைத்தாள்.

வார முடிவில் வாணியம்பாடியிலிருந்து நசீமா என்றொரு பெண் பயந்து பயந்து ஒரு திருத்தம் அனுப்பினாள். அதுவும் தப்பு. பொற்கொடி பக்குவமாக எடுத்துச் சொல்ல, மறுமுறை சரியாக வந்தது. நண்பகல் நண்பகலாயிற்று.



அடுத்த வாரம் ஆளவந்தார் எழுதிய நிரலிலேயே ஒரு சின்னப் பிழை கிடந்தது. பதறிப்போய்த் திருத்த வந்த பொற்கொடி அப்படியே நின்றுவிட்டாள். கீழே அவரே எழுதியிருந்தார்:

'இலை போட்டாச்சு. யாராவது வாங்க.'