சொல்லிக்காமப் போனவங்க

ஒரு ஊர்ல ஒரு நெஞ்சு இருந்துச்சாம். நெஞ்சு தனியாவா இருக்கும்னு கேக்காத. அதைச் சுத்தி ஒரு ஆளும் இருந்தாரு. அவரு பேரு மாசிலாமணி.

அந்த நெஞ்சை ஆஸ்பத்திரியில திறந்து, உள்ள அடைச்சிருந்ததையெல்லாம் சரிபண்ணி, கம்பி போட்டு மூடி, மேல நீளமா ஒரு தையலும் போட்டு, "கூட்டிட்டுப் போங்க"ன்னு அனுப்பிட்டாங்க. யார்கிட்ட? அவரு பொண்டாட்டி ராஜகிளிகிட்ட. ம் சொல்லு, சொன்னாத்தான் ஆட்டோ கிளம்பும்.

ம். சரி, கிளம்பிருச்சு. வழியெல்லாம் வேகத்தடை. ஒவ்வொரு தடை வரும்போதும் ராஜகிளி ரெண்டு கையாலயும் அவரு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டா, பந்தியில நெறைஞ்ச சாம்பார் வாளியைப் பிடிக்கிற மாதிரி. "ஏ கிளி, அது சிந்தாதுடி"ன்னாரு அவரு. அவ விடல. ஆஸ்பத்திரியில அத்தனை நாளும் அவ கண்ணு மூடல பாரு. கண்ணை மூடுனா இந்த மனுஷன் மூச்சு விட மறந்துடுவாருன்னு ஒரு நெனப்பு.

டாக்டரு என்ன சொன்னாருன்னா, நெஞ்சுல சளி தங்கக் கூடாது, தங்குச்சுன்னா திரும்பவும் இங்கதான்னு. அதுக்கு ஒரு சாமான் குடுத்திருந்தாரு. கண்ணாடி மாதிரி மூணு குழாய், ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு உருண்டை, பக்கத்துல ஒரு நீளக் குழல். குழல்ல வாயை வச்சா உருண்டை மேல ஏறணும். மூணும் ஏறினா நெஞ்சு உன்னோடது, இல்லன்னா ஆஸ்பத்திரியோடது.

வீட்டுக்கு வந்ததும் மாசிலாமணி வாயை வச்சு ஊதினாரு. ஃபூ. உருண்டை அசையல. இன்னொரு தடவை ஃபூ. ம்ஹூம். "சாமான் சரியில்ல"ன்னாரு. ராஜகிளி ஊதிப் பார்த்தா. அடுத்த வீட்டுப் பேச்சித்தாய் வந்து, கன்னம் ரெண்டும் பூரியா உப்ப ஊதிப் பார்த்தா. உருண்டை பாட்டுக்கு உக்காந்திருக்கு. அப்போதான் ராஜகிளிக்கு டாக்டரு சொன்னது ஞாபகம் வந்துச்சு. "ஊதக் கூடாதுங்க, உறிஞ்சணும். இளநி குடிக்கிற மாதிரி."

ஸ்ர்ர்ர்ர்... டொக். ஒரு உருண்டை ஏறிருச்சு.

"ஏறிருச்சு. இளநி எங்க?"ன்னாரு மாசிலாமணி.

அப்புறம் என்னாச்சுன்னா, பார்க்க ஆளு வர ஆரம்பிச்சாங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தவரை ஊரு சும்மா விடுமா?

முதல்ல வந்தவரு பெரியப்பா மகன் ஆவுடையப்பன். பையில சாத்துக்குடி, வாயில சாவுக்கதை. "தம்பி, உனக்குப் பண்ணுன இதே ஆபரேஷன்தான் எங்க ஆபீஸ் சிங்கராயருக்கும் பண்ணுனாங்க. நல்லாத்தான் எந்திரிச்சு உக்காந்தாரு. காப்பி குடிச்சாரு. அப்புறம் பாரு..." அப்புறம் என்னன்னு சொல்றதுக்குள்ள தெருமுனையில பஸ்ஸு பாம்ம் பாம்ம்னுச்சு. அதை விட்டா சாயங்காலம்தான் அடுத்த பஸ்ஸு. எடுத்தாரு ஓட்டம். ஒரு வார்த்தை சொல்லிக்கல.

ரெண்டாவது பேச்சித்தாய். ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்து கட்டில் பக்கத்துல உக்காந்தா. "அண்ணாச்சி, முகத்துல களையே இல்ல"ன்னு ஆரம்பிச்சா. அப்போ அவ வீட்டுக் குக்கரு உஸ்ஸ்ஸ்னுச்சு. ரெண்டாவது உஸ்ஸ்ஸ். மூணாவதுக்கு மேல விட்டா பருப்பு கூழாயிரும். எந்திரிச்சு ஓடிட்டா. அவளும் சொல்லிக்கல.

மூணாவது சொர்ணப்பாண்டி. சின்ன வயசுலேர்ந்து மாசிலாமணிகூட சீட்டு ஆடுற கூட்டாளி. ஆளு பார்க்க ஆலமரம், ரத்தம்னா மட்டும் கோழிக்குஞ்சு. "எங்க மாப்ள, தையலைக் காட்டு"ன்னான். மாசிலாமணி பெருமையா சட்டையைத் திறந்தாரு. தையலைப் பார்த்தானோ இல்லையோ, சொர்ணப்பாண்டி முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துச்சு. வயித்துக்குள்ள கடமுடா கடமுடா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு கொல்லைப்பக்கம் ஓடுனான். அங்க என்ன ஆச்சுன்னு நாம பேச வேண்டாம், தெருவுக்கே கேட்டுச்சு. சிரிக்காத, தூக்கம் போயிரும். அப்புறம் வெக்கப்பட்டுக்கிட்டு அப்படியே கொல்லைவாசல் வழியா வீட்டுக்குப் போயிட்டான். சொல்லிக்கல.

கட்டில்ல படுத்திருந்த மாசிலாமணி யோசிச்சாரு. படுத்திருக்கிறவனுக்கு வேற என்ன வேலை? ஒருத்தர் சொல்லிக்காமப் போனா மறதி. ரெண்டு பேர் போனா அவசரம். மூணு பேரும் போனா?

"கிளி, இங்க வா"ன்னாரு. "எந்த வீட்டுலேர்ந்து ஆளுங்க சொல்லிக்காமப் போவாங்க?"

ராஜகிளி முறத்தைக் கீழ வச்சா. சாவு வீட்டுக்குப் போனாத்தான் போயிட்டு வர்றேன்னு சொல்லக் கூடாது. சொன்னா மறுபடியும் அப்படி ஒரு காரியத்துக்கு அங்க வர வேண்டியிருக்கும்னு பயம். அது எல்லாருக்கும் தெரிஞ்ச வழக்கம்.

"மூணு பேரும் என் முகத்தைப் பார்த்தாங்க. பார்த்துட்டு சொல்லிக்காமப் போயிட்டாங்க. டாக்டரு உன்கிட்ட மறைச்சுட்டாருடி. ஊருக்கெல்லாம் சொல்லிட்டாரு."

"அய்யய்யே, அவருக்கு பஸ்ஸு, அவளுக்குப் பருப்பு, அவனுக்கு வயிறுங்க."

"எல்லாம் சாக்கு"ன்னு சொல்லிட்டு சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. உருண்டைச் சாமானை நீட்டுனா, "போற நெஞ்சுக்கு எதுக்கு இளநி?"ன்னாரு. நடக்கச் சொன்னா, "எங்க? சுடுகாட்டுக்கா? அதுக்கு நாலு பேரு தூக்கிட்டுப் போவாங்க"ன்னாரு. இருமச் சொன்னாலும் இருமல. வலிக்கும் இல்ல? கேக்குறியா, ம்?

சாயங்காலத்துக்குள்ள நெஞ்சுக்குள்ள ஒரு சத்தம் வந்துச்சு. கர்ர்ர்... கர்ர்ர்... ராஜகிளி காதை வச்சுக் கேட்டா. தயிரு கடையிற மாதிரி இருந்துச்சு. இன்னும் ரெண்டு பொழுது இப்படியே கெடந்தாருன்னா திரும்பவும் அந்த வாசல், அந்த டெட்டால் வாசனை, அந்த ஆபரேஷன் ரூம் கண்ணாடிக் கதவு. இந்தத் தடவை அது மூடினா திறக்குமோ திறக்காதோ.

அப்போ அவ என்ன செஞ்சா? சொல்லிக்காமப் போன மூணு பேரையும் சொல்ல வைக்கலாம்னு கிளம்பினா.

மொதல்ல ஆவுடையப்பனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சா. "தம்பி, நான் போயிட்டு வர்றேன்"னாரு அவரு. "நீங்கதான் அப்பவே போயிட்டீங்களே, இப்போ எங்கேர்ந்து போறீங்க?"ன்னாரு மாசிலாமணி. அவரு உடனே, "சிங்கராயரும் இப்படித்தான் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தாரு"ன்னுட்டாரு. டொக்குன்னு போனை வச்சுட்டா ராஜகிளி.

அப்புறம் பேச்சித்தாயைக் கூட்டிட்டு வந்தா. "மதினி, நீங்க கவலைப்படாதீங்க, நான் சொல்றேன்"னு வந்தவ, "அண்ணாச்சி, போயிட்டு வர்றேன், போயிட்டு வர்றேன், போயிட்டு வர்றேன்"னு வட்டியோட சேர்த்து சொன்னா. நல்லாத்தான் சொன்னா. சொல்லி முடிச்சதும் அவ மூக்கு விடைச்சுச்சு. "எவ்வளவு நல்ல மனுஷன்"னு முந்தானையை வாயில வச்சுக்கிட்டு ஓன்னு அழுதுட்டா.

"பார்த்தியா?"ன்னாரு மாசிலாமணி.

மூணாவது சொர்ணப்பாண்டி. அவனைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தா. அவன் கட்டிலுக்குக் கிட்ட வராம, கண்ணை மேல ஓடுற காத்தாடியில வச்சுக்கிட்டு நின்னான்.

"ஏன்டா சொல்லிக்காமப் போன?"

"ஒரு அவசரம் மாப்ள."

"என்ன அவசரம்?"

"அதையெல்லாம் எப்படி மாப்ள வெளிய சொல்றது?" பொம்பளை பக்கத்துல நிக்கிறா, அவனுக்குக் கூச்சம். காதெல்லாம் செவந்துருச்சு.

"சொல்ல மாட்டேங்கிறான் பாரு. அப்போ டாக்டரு இவன்கிட்டதான் சொல்லியிருக்காரு"ன்னு மாசிலாமணி அதையும் தனக்குத் தோதா எடுத்துக்கிட்டாரு. எடுத்துக்கிட்டு, கைக்கடிகாரம் யாருக்கு, புது வேட்டி யாருக்குன்னு பங்கு பிரிக்க ஆரம்பிச்சாரு. "கிளி, எனக்கப்புறம் நீ பாயாசத்தை விட்டுறாத, உனக்குப் பிடிக்கும்"னு அவளுக்கும் ஒரு பங்கு.

ராஜகிளிக்கு அழுகை வந்துருச்சு. அவரு முன்னாடி அழக் கூடாது. அழுதா அதையும் கணக்குல சேர்த்துக்குவாரு. தெருமுனைக்குப் போயி அங்க இருக்கிற வேப்பமரத்துக்குப் பின்னாடி நின்னு அழுதுட்டு வரலாம்னு செருப்பை மாட்டுனா. கேட்டைத் திறந்தா, கிரீச். நடந்தா. அடுத்த கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனாக்கூட "போயிட்டு வர்றேங்க"ன்னு ரெண்டு தடவை சொல்றவ, அன்னைக்கு அதை மறந்தே போயிட்டா.

உள்ள மாசிலாமணிக்குக் கேட்டுச்சு. கிரீச். அப்புறம் செருப்பு, சரக் சரக் சரக். அப்புறம் ஒண்ணுமில்ல. காத்திருந்தாரு. ஒண்ணுமே வரல.

"கிளி?"

கட்டில் கிறீச்சுன்னுச்சு. ஒரு காலைக் கீழ வச்சாரு. இன்னொரு கால். சுவத்தைப் பிடிச்சாரு, கதவைப் பிடிச்சாரு, லுங்கியைப் பிடிச்சாரு. வாசலுக்கு வந்தாரு. வாசலைத் தாண்டினாரு. ராஜகிளி அந்தப் பக்கமா திரும்பிக்கூடப் பார்க்காமப் போயிக்கிட்டிருந்தா. அப்போ அந்த நெஞ்சுலேர்ந்து, கம்பி போட்டு மூடி வச்சிருந்த அந்த நெஞ்சுலேர்ந்து, ஒரு சத்தம் வந்துச்சு பாரு. பேச்சித்தாய் வீட்டுக் கூரையில இருந்த காக்கா எல்லாம் படபடபடன்னு பறந்துருச்சு.

"ஏ ராஜகிளி. நீயுமாடி சொல்லிக்காமப் போற? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

தெருவே வாசலுக்கு வந்துருச்சு. ராஜகிளி திரும்பினா. கண்ணெல்லாம் தண்ணி. நடுத்தெருவுல லுங்கியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மனுஷனைப் பார்த்தா.

"சாகலையா?"ன்னா.

அவரு தான் சொன்னதை அப்போதான் தானே கேட்டாரு. கொஞ்சம் யோசிச்சாரு. "அப்படித்தான் தெரியுது"ன்னாரு.

சொல்லி முடிக்கல, கத்துன கத்துக்கு இருமல் வந்துருச்சு. லொக். இருமும்போது நெஞ்சோட எதையாவது இறுக்கிப் பிடிச்சுக்கணும், இல்லன்னா தையல் இழுக்கும். தெருவுல எதைப் பிடிக்கிறது? ராஜகிளி ஓடி வந்து முன்னால நின்னா. "என்னைப் பிடிச்சுக்கோங்க." ஊரே பார்க்க அவளைக் கட்டிக்கிட்டு இருமினாரு, லொக்கு லொக்கு லொக்கு. உள்ள கெடந்த சளியெல்லாம் வெளிய வந்துச்சு. அவ சேலையிலதான் வந்துச்சு. ச்சீன்னு சொல்றியா? அவ அப்படிச் சொல்லல. அதைப் பார்த்து அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே, கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படிச் சிரிக்கல.

"நடுத்தெருவுல என்ன அண்ணாச்சி இது?"ன்னா பேச்சித்தாய்.

"உன் பருப்பைப் போயிப் பாரு"ன்னாரு மாசிலாமணி.

அப்புறம் உள்ள கூட்டிட்டு வந்து கட்டில்ல சாய்ச்சு உக்கார வச்சா. காதை நெஞ்சுல வச்சுக் கேட்டா. கர்ர்ர் கொறைஞ்சுபோச்சு. லப்டப். லப்டப். லப்டப். கேட்டுக்கிட்டே இருந்தா. கேட்டுக்கிட்டே இருந்தவ, வச்ச காதை எடுக்காம அப்படியே தூங்கிட்டா. எத்தனை நாள் தூக்கம், பாவம், வாயைத் திறந்து குறட்டை வேற.

மாசிலாமணி அசையல. கையை மட்டும் மெதுவா நீட்டி அந்தச் சாமானை எடுத்தாரு. அவ முழிச்சுக்கக் கூடாதுன்னு சத்தம் வராம உறிஞ்சினாரு. ஒரு உருண்டை ஏறுச்சு. ரெண்டாவதும் ஏறுச்சு. மூணாவது அடியில கிடுகிடுன்னு ஆடிக்கிட்டிருந்துச்சு, அவரும் விடாம இழுத்துக்கிட்டே இருந்தாரு.

ம் சொல்லு. என்ன, ம்மைக் காணோம்? சரி, கதை தலகாணியில தலையை வச்சிருச்சு, நீயும் வச்சுக்கோ.