இரண்டாவது வரி

“மிஸ், ரவுட்டர் என்னை உள்ளுக்கு விடுகுதில்லை.”

குலேந்திரன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். அவருக்கு ஐம்பது கடந்திருந்தது. வேலை செய்த கதவுத் தொழிற்சாலை மூடப்பட்டபின், ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு பொலிரெக்னிக் கல்லூரியில் கணினி வலையமைப்பு டிப்ளோமா படிக்கச் சேர்ந்தவர்.

ஆசிரியை சாம்பவி அவரைவிட மிகவும் இளையவர். வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே பேசுவார். வகுப்பு கலைந்துவிட்டது. ஆய்வுகூடத்தில் எஞ்சியிருந்த மாணவர்கள் இருவரும் அவரைப் போலவே தமிழர்.

“மிஸ் எண்டு கூப்பிடாதேங்கோ அண்ணை. எல்லாரும் சாம்பவி எண்டுதானே சொல்லுகினம்.”

“படிப்பிக்கிற ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது மிஸ்.”

“சரி. காலமை ரவுட்டர் உங்களை உள்ளுக்கு விட்டதுதானே?”

“விட்டது. பிறகு நான் அதில ஒரு விதி எழுதினன்.”

“என்ன விதி?”

“வெளியில இருந்து ஒருத்தரும் உள்ளுக்கு வரக்கூடாதெண்டு.”

“நீங்கள் எங்க இருந்து எழுதினீங்கள்?”

வலையமைப்புக்கு வாசல்போல் நிற்கும் அந்த ரவுட்டர் இங்கே இல்லை. கல்லூரியின் மற்றொரு வளாகத்தில், நகரின் மறு கோடியில், பூட்டிய அறையொன்றில் இருந்தது. மாணவர்கள் இங்கிருந்தபடியே அதை ஆளப் பழகினார்கள்.

“வெளியில இருந்து,” என்றார் குலேந்திரன்.

அடுத்த மேசையிலிருந்து, உடன் படிக்கும் ஜெசிந்தா சிரித்தார். அவருடைய கணவரும் குலேந்திரனும் ஒரே தொழிற்சாலையில் வேலை இழந்தவர்கள். இரு குடும்பங்களும் ஒரே கட்டடத்தில் வாழ்ந்தன.

“வீட்டிலயும் இவர் இதே வேலைதான் மிஸ் பார்த்தவர். மகள் வந்து மன்னிப்புக் கேக்கும் மட்டும் வீட்டில ஒருத்தரும் அவளோட கதைக்கக்கூடாது, தனக்கு முன்னால அவளின்ர பேரே எடுக்கக்கூடாது எண்டு சட்டம். இப்ப அவள் மொன்றியலில. வாற சனிக்கிழமை பேத்திக்கு முதலாம் பிறந்தநாள். மனுசன் பிள்ளையைப் படத்திலதான் பாத்திருக்கிறார்.”

“படத்திலயும் பாக்கேல்லை,” என்றார் குலேந்திரன்.

ஜெசிந்தாவின் சிரிப்பு நின்றது.

சாம்பவி ஒரு நாற்காலியை இழுத்து அவர் அருகே அமர்ந்தார்.

“மகள் என்ன செய்தவ அண்ணை?”

“இந்தப் படிப்புக்குச் சேரப்போறன் எண்டு நான் சொன்ன அண்டைக்கு, சாப்பாட்டு மேசையில, இவ்வளவு சனத்துக்கும் முன்னால, ‘இந்த வயசில கம்ப்யூட்டர் படிச்சு ஆர் முடிக்கப்போகினம்’ எண்டு கேட்டவள். என்ர பிள்ளை. நான் எழும்பிப் போயிட்டன்.”

“பிறகு?”

“பிறகென்ன? படிக்கிறன். வகுப்பில முதல் ஆளாய் வாறன். அந்த டிப்ளோமாவைக் கொண்டுபோய் அவளின்ர மூஞ்சைக்கு முன்னால பிடிக்கவேணும்.”

“அதுக்குக் கிட்டப் போகவேணுமே அண்ணை.”

குலேந்திரன் விசைப்பலகையைப் பார்த்தார்.

சாம்பவி திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

“எதையும் மாத்திறதுக்கு முதல், கொஞ்ச நேரத்தில பழைய நிலைக்குத் திரும்பு எண்டு ரவுட்டருக்குச் சொல்லி வைச்சிட்டு மாத்துங்கோ எண்டு படிப்பிச்சனான். வைச்சனீங்களே?”

“இல்லை.”

“ஏன்?”

“பிழை விடமாட்டன் எண்டு நினைச்சன்.”

“விதியைச் சேமிச்சும் போட்டீங்களா?”

“ஓம்.”

“அப்ப, மின்சாரத்தை நிப்பாட்டிப் போட்டாலும் அதே விதியோடதான் எழும்பும்.”

“ஆனா எழுதினது நான்தானே மிஸ். அதுக்கு அது தெரியாதே?”

“அதுக்கு உங்களைத் தெரியாது அண்ணை. உங்கட விதியைத்தான் தெரியும்.”

வெளியே பனி பெய்யத் தொடங்கியிருந்தது. குலேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் அணிந்துகொண்டார்.

“நான் ஒண்டும் யோசியாமல் எழுதேல்லை மிஸ். ‘ஒருத்தரையும் விடாதே’ எண்டு எழுதிப்போட்டு, கீழ ரெண்டாவது வரியில ‘குலேந்திரனை மட்டும் விடு’ எண்டும் எழுதினனான். அது ஏன் என்னை விடுகுதில்லை?”

சாம்பவி எழுந்து சென்று அலமாரியைத் திறந்தார். வெளிர்நீல நிறக் கேபிள் ஒன்றை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தார்.

“அங்க போய், இதை நேர அதில செருகி, என்ன எழுதிக் கிடக்கு எண்டு வாசியுங்கோ. நேர செருகிறவையை உங்கட விதி மறிக்காது.”

“இந்தப் பனியிலயா? அங்க நிக்கிற ஆரையும் கேட்டால் செய்யமாட்டினமே?”

“செய்வினம். ஆனா வாசிக்கிறது அவையாய் இருக்கும்.”

ஜெசிந்தா கார்ச் சாவியை எடுத்தார்.

“எழும்புங்கோ அண்ணை. நான் கொண்டுபோய் விடுறன்.”

நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. குலேந்திரன் கேபிளை உள்ளங்கையில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

“சனிக்கிழமை அக்கா மொன்றியலுக்குத் தனியப் போறாவாம்,” என்றார் ஜெசிந்தா, குலேந்திரனின் மனைவியைக் குறித்து.

“போகட்டும். இந்த ஒருக்கா நான் அவவை மறிக்கேல்லை.”

“இந்தக் குளிருக்குள்ள பஸ்ஸில.”

“பஸ்ஸுக்குள்ள சூடு இருக்கும்.”

“அண்ணை, மதுஷா…”

மகளின் பெயரைக் கேட்டதும் குலேந்திரன் ஒரு விரலை உயர்த்தினார்.

ஜெசிந்தா வைப்பரின் வேகத்தைக் கூட்டினார்.

மற்ற வளாகத்தில் காவலாளி திறந்துவிட்ட அந்த அறை சிறியது. குளிரூட்டி விடாமல் இரைந்துகொண்டிருந்தது. உட்கார நாற்காலி இல்லாததால் குலேந்திரன் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். கேபிளின் ஒரு முனையை ரவுட்டரிலும் மறு முனையைத் தம் மடிக்கணினியிலும் செருகினார். கடவுச்சொல்லைக் கேட்டது. கொடுத்தார். ரவுட்டரின் கதவு திறந்தது.

அவர் சாம்பவியைத் தொலைபேசியில் அழைத்தார்.

“உள்ளுக்கு வந்திட்டன் மிஸ்.”

“என்ன எழுதிக் கிடக்கு?”

“நான் எழுதின ரெண்டு வரியும் கிடக்கு.”

“ஒரு நிமிசம் நீங்கள்தான் அந்த ரவுட்டர் எண்டு நினையுங்கோ. குலேந்திரன் எண்டொருத்தர் வாசலில வந்து நிக்கிறார். முதல் வரியை வாசியுங்கோ.”

“‘ஒருத்தரையும் விடாதே.’”

“என்ன செய்வீங்கள்?”

“விடமாட்டன்.”

“அடுத்தது?”

“அடுத்தது என்ன மிஸ்? ஆளைத் திருப்பி அனுப்பியாச்சு. கதை முடிஞ்சுது.”

“ரெண்டாவது வரி?”

“அதை ஏன் வாசிக்கவேணும்? முதல் வரியிலயே…”

அவர் நிறுத்தினார்.

“ரெண்டாவது வரி எங்க போனது அண்ணை?”

“ஒரு இடமும் போகேல்லை மிஸ்.”

“அழிஞ்சுதா?”

“இல்லை. இங்கதான் கிடக்கு. முதலே இருந்து இங்கதான் கிடந்திருக்கு.”

குலேந்திரன் கீழிருந்த வரியை மேலே எழுதினார். மேலிருந்ததைக் கீழே இறக்கினார். இம்முறை, பழைய நிலைக்குத் திரும்பும் கட்டளையை முதலில் கொடுத்துவிட்டே அதைச் செய்தார்.

“உங்கட கணினியில இருந்து பாக்கிறன். இப்ப விடுகுது,” என்றார் சாம்பவி. “சேமிச்சிட்டு வாங்கோ. றோட்டில கவனம்.”

தொலைபேசி அணைந்தது.

குலேந்திரன் எழுந்திருக்கவில்லை.

“கழட்டுங்கோ அண்ணை,” என்றார் ஜெசிந்தா, வாசலில் கைகளைத் தேய்த்தபடி. “இதுக்குள்ள இருந்தால் விறைச்சுப் போவம்.”

“ஜெசிந்தா.”

“ம்?”

“அண்டைக்கு நீங்களும் மேசையில இருந்தனீங்கள்.”

“இருந்தனான்.”

“நான் கதிரையைத் தள்ளிப்போட்டு எழும்பிப் போனன்.”

“ஓம். தண்ணிக் கோப்பையும் விழுந்தது.”

“நான் போன பிறகு…”

அவர் திரையைப் பார்த்தார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தார்.

“மதுஷா சொல்ல வந்த கதையைச் சொல்லி முடிச்சவளே?”

அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து கேட்ட ஜெசிந்தா கைகளைத் தேய்ப்பதை நிறுத்தினார். பிறகு உள்ளே வந்து அவருக்கு எதிரே தரையில் அமர்ந்தார்.

“முடிச்சவள் அண்ணை. நீங்கள் கதவைச் சாத்தினாப் பிறகு. அந்தக் கதவைப் பாத்துக்கொண்டு சொன்னவள்.”

“என்னெண்டு?”

“‘எங்கட அப்பாவைத் தவிர’ எண்டு.”