முகத்தைத் தொடாதே

முன்பு ஒரு படக்கம்பெனி எடுத்துத் தீர்த்த சினிமா ஃபிலிமில் ஐந்தடி மிஞ்சியது. கம்பெனி அதைக் குப்பையில் போட்டது. ஸ்டில் எடுக்கும் எஸ்தர் அந்தத் துண்டை எடுத்துத் தன் சிறிய கேமராவுக்குள் சுருட்டி வைத்தாள்.

மறுவாரம், வெளிப்புறப் படப்பிடிப்பில், அன்று காலை கட்டிய விளக்குப் பரண் சரிந்து லைட்பாய் வேதமுத்து செத்தான்.

"அவன் அன்னிக்கு வேலைக்கே வரலை" என்றது கம்பெனி.

சரிவதற்குச் சற்று முன் அவன் பரண்மேல் நின்று சிரித்ததை எஸ்தர் எடுத்த படம் அந்தத் துண்டில் மட்டும் இருந்தது.

எஸ்தர் இருட்டறைக் கதவைச் சாத்தினாள். தொட்டியிலிருந்த, படம் கழுவும் டெவலப்பர், துண்டின் கரி பூசிய முதுகை மோந்து பார்த்துக் கத்தியது.

"யோவ் கரியப்பா, நில்லு! இது கல்யாணப் படங்க குளிக்கிற தொட்டி. முதுகெல்லாம் கரியோட இறங்குவியா?"

"சினிமா கேமராவுல ஓடுறவங்களுக்கு இதுதான் கவசம். பின்பக்க வெளிச்சம் அண்டாது."

"இங்க யாரு ஓடுறா?"

"கழட்டத்தான் போறேன். உனக்குப் பயந்து இல்ல. உள்ள ஒருத்தன் இருக்கான், அவன் வெளிய வரணும்."

வெந்நீரில் கரைந்திருந்த சமையல் சோடா அழைத்தது: "வா கண்ணு, கொஞ்சம் ஊறு."

கரி இளகியது. எஸ்தர் ஈரப் பஞ்சை எடுத்தாள். நாளை வேதமுத்து சாவுக்கு விசாரணை; அவசரப்பட்டாள். இருட்டில் பக்கம் மாறிப் பஞ்சு முன்பக்கத்தில் உட்கார்ந்தது. படம் பதிந்திருப்பது அங்கேதான். ஊறிய நிலையில் ஒரு தேய்ப்புக்குத் தாங்காது.

துண்டு உடம்பை முறுக்கி, விளிம்பால் அவள் விரலைக் கீறியது.

"முதுகைத் தேய்! முகத்தைத் தொடாதே!"

எஸ்தர் கையை இழுத்துக்கொண்டாள். விரலால் தடவி, வழவழப்பான பக்கம் எதுவென்று தேர்ந்து, அதைத் துடைத்தாள். கரி மொத்தமும் பஞ்சோடு வந்தது.

டெவலப்பர் விடவில்லை. "நீ விளக்கு வெளிச்சத்துக்குப் பொறந்தவன். இவ வெயில்ல எடுத்திருக்கா. மூஞ்சியெல்லாம் நீலமா வரும். அசிங்கம்!"

"வரட்டும். நகரு" என்று துண்டு உள்ளே இறங்கியது.

மறுநாள் விசாரணை மேசையில் துண்டும் அதிலிருந்து போட்ட படமும் கிடந்தன. கம்பெனி மேனேஜர் படத்தைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா இது? வானம் நீலம், சரி. ஆளும் நீலமா? இதெல்லாம் ஒரு படமா?"

எஸ்தர் வாய் திறக்குமுன் துண்டு கேட்டது:

"நீலந்தான்யா. பரண்மேல நிக்கிறானா இல்லையா, அதைச் சொல்லு."